கோழி எரு போட்டதும் செம்பருத்தி கருகியது ஏன்?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். மதுரை ஊமச்சிகுளம் பக்கம் புது வீடு. வாசலுக்குப் பக்கத்தில் பத்தடிக்கு நாலடியில் ஒரு பாத்தி. அதில் மூன்று செம்பருத்தி, இரண்டு ரோஜா, ஒரு நந்தியாவட்டை, ஒரு வரிசை செண்டுப்பூ நாற்று. தெரிந்தவர் ஒருவர் கோழிப்பண்ணையிலிருந்து இரண்டு மூடை எரு கொடுத்தார். இரண்டையும் அன்றைக்கே கொட்டிப் பரப்பித் தண்ணீர் விட்டீர்கள். ஒரு வாரத்தில் செண்டுப்பூ நாற்று முழுக்கச் சாய்ந்துவிட்டது. செம்பருத்தி இலை ஓரம் தீய்ந்து சுருண்டுகொண்டது. ஈ மொய்க்கிறது, பக்கத்து வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டில் மூன்று வயதுப் பாப்பா இருக்கிறாள். இனி எருவே வேண்டாம், கடை உரத்துக்கே போய்விடலாமா என்று கேட்கிறீர்கள்.

போக வேண்டாம். எருவில் தப்பில்லை. அதன் வயசில்தான் தப்பு. மாட்டுச் சாணியா, ஆட்டுப் புழுக்கையா, கோழி எருவா என்பதை எல்லாரும் கேட்கிறார்கள். அது மக்கி எத்தனை மாசம் ஆச்சு என்பதைக் கேட்பவர் குறைவு. நான் வலையங்குளம் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறேன். இருபது வருசத்துக்கு மேலாக எருவோடுதான் பிழைப்பு. நீங்கள் செய்ததை நானும் ஒருமுறை செய்து செடியைப் பறிகொடுத்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை.

வெயில் தாழ்ந்ததும் மூக்கை ஒரு ஈரத்துணியால் கட்டிக்கொண்டு, களைக்கொத்தால் பாத்தியின் மேல்மண்ணை இரண்டு விரற்கடை ஆழத்துக்கு எருவோடு சேர்த்துச் சுரண்டி எடுங்கள். செம்பருத்தித் தூரைச் சுற்றி ஒரு சாண் வட்டத்தில் கையால் மட்டும் வழித்து எடுங்கள். அங்கே கொத்துப் பட்டால் மிச்சமிருக்கிற வேரும் போய்விடும். எடுத்ததைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு தார்ப்பாயில் கொட்டி வையுங்கள், அதற்கு வேலை இருக்கிறது. பிறகு பாத்தி முழுக்க நன்றாக ஊறி இறங்கும்படி தண்ணீர் கட்டுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று முறை. முடிந்தால் நல்ல தண்ணீர். உங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அதையே விட்டு உப்பைக் கழுவ முடியாது. மண் தண்ணீரை உறிஞ்சாமல் தேங்கி நின்றால் நிறுத்திக்கொள்ளுங்கள், எரிந்த வேர் சேற்றில் அழுகும். யூரியா, டி.ஏ.பி., வளர்ச்சி ஊக்கி எதுவும் வேண்டாம். கருகிய கிளையையும் இப்போது வெட்ட வேண்டாம். நகத்தால் பட்டையைக் கொஞ்சம் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, மூன்று வாரத்தில் துளிர் காட்டும். செண்டுப்பூ நாற்றுகள் மட்டும் திரும்பாது. பிடுங்கிவிடுங்கள்.

இனி ஏன் கருகியது என்பது. கோழிக்கு மூத்திரம் தனியாக வராது, எல்லாம் எச்சத்தோடு சேர்ந்தேதான் வரும். எச்சத்தின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசினாற்போல இருக்கிறதே, அது யூரிக் அமிலம். ஈரம் பட்டால் மளமளவென்று அம்மோனியாவாக மாறும். மூடையைப் பிரிக்கும்போது கண் எரிந்திருக்குமே, அதேதான். தழைச்சத்துக் (நைட்ரஜன்) கணக்கில் பார்த்தால் நன்கு மக்கிய தொழு உரத்தில், அதாவது மாட்டெருவில், 0.5 சதவீதம் இருக்கும், கோழி எருவில் 3 சதவீதம் இருக்கும். ஆறு மடங்கு. மூடைக்கு 40 கிலோ என்று வைத்தாலும் 80 கிலோவை நாற்பது சதுர அடியில் போட்டிருக்கிறீர்கள். நன்றாக மக்கிய கோழி எருவே அந்தப் பாத்திக்கு ஒரு தடவைக்கு 2 கிலோ போதும். நாற்பது மடங்கு விழுந்திருக்கிறது, அதுவும் மக்காதது.

நம் ஊரில் “கோழி எரு சூடு” என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று சங்கதி இருக்கிறது. ஒன்று, இப்போது சொன்ன அம்மோனியா. அது இளம் வேர்நுனியை நேரடியாகப் பொசுக்கும். இரண்டாவது உப்பு. மக்காத எருவில் கரையும் உப்பு நிறைய. மண்ணில் உப்பு கூடினால் வேர் தண்ணீரை எடுக்க முடியாது. மண் ஈரமாக இருக்கும்போதே செடி தாகத்தில் வாடும், இலை ஓரம் தீய்ந்தது அதனால்தான். இதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து உப்புத் தண்ணீரையே மேலும் விடுபவர்கள் உண்டு. மூன்றாவது நிஜமான சூடு. மக்கும்போது நுண்ணுயிர்கள் வேலை செய்வதால் குவியலுக்குள் 60 டிகிரி வரை ஏறும். பாத்தியில் மெல்லிசாகப் பரப்பினால் அவ்வளவு ஏறாது, ஆனால் தூரை ஒட்டிக் குவித்து வைத்தால் தண்டு வெந்துபோகும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். 2006 கார்த்திகை. மல்லிகைக்குக் கவாத்து முடித்து, செடியெல்லாம் முழங்கால் உயரத்துக்கு மொட்டைக் குச்சியாக நிற்கிறது. அந்த நேரத்தில்தான் எரு வைப்போம். அந்த வருசம் தொழு உரம் கிடைக்கவில்லை. டிராக்டரில் ஒரு லோடு கோழி எரு வந்தது. என் மாமியார் பார்த்துவிட்டு, “ஆத்தா, இது சூடு. களத்து ஓரமாக் கொட்டி வையி, ஒரு மழை வாங்கட்டும்” என்றார். எனக்கு அவசரம். தையில் பூ விலை நிற்கும்போது துளிர் வந்து மொட்டுக் கட்ட வேண்டும் என்ற கணக்கு. தூருக்கு இரண்டு சட்டி வைத்து மண் அணைத்துத் தண்ணீர் பாய்ச்சிவிட்டேன். எட்டாம் நாள் வந்த துளிர் கறுத்தது. ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய சல்லிவேர் டீத்தூள் நிறத்தில் இருந்தது. விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்தது, உள்ளே நூல் மாதிரி நடுநரம்பு மட்டும் நின்றது. 300 தூரில் 60-க்கு மேல் போச்சு. மல்லிகைத் தூர் ஒருமுறை நட்டால் பத்துப் பன்னிரண்டு வருசம் பூக்கிறது. ஒரு மழைக்குக் காத்திருக்க மனசில்லாமல் அதை இழந்தேன்.

அதற்குப் பிறகு மக்காத எதையும் தோட்டத்துக்குள் விடுவதில்லை.

மாட்டுச் சாணி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சத்து மிதமாக இருக்கும், கைக்கும் பழகியது, மக்கினால் மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும். வீட்டுப் பாத்திக்கு இதைவிடப் பாதுகாப்பானது கிடையாது. காளை வளர்க்கிற வீடுகளில் கேட்டால் அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் சும்மாவே தருவார்கள். ஆனால் இன்றைய சாணியைக் கொண்டுவந்து இன்றே பாத்தியில் போட்டால் கரையான் வரும். மக்காத சாணியும் வைக்கோல் துண்டும் கரையானுக்கு அழைப்பு வைத்த மாதிரி. செடிக்கு அடியில் அது குடியேறிவிட்டால் ரோஜாவின் பட்டையையும் அரிக்கும்.

ஆட்டுப் புழுக்கையைப் பற்றித்தான் நம் சீமையில் எச்சரிக்க வேண்டும். சத்தில் கோழி எருவுக்குக் கிட்டே வரும், தழைச்சத்து 3 சதவீதம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) 2 சதவீதம் என்று கணக்குச் சொல்வார்கள். காய்ந்து உருண்டையாக இருப்பதால் நாற்றம் இல்லை, கையில் ஒட்டாது, அதனால் எல்லாரும் நேராகத் தொட்டியில் போடுகிறார்கள். இங்கே ஆடு மேய்வது சீமைக்கருவேலங் காட்டில். காயை விரும்பித் தின்னும். விதை வயிற்றுக்குள் சாகாது, மேல்தோல் இளகி, முளைக்கத் தயாராக வெளியே வரும். மக்காத புழுக்கை போட்ட ரோஜாப் பாத்தியில் முதல் மழைக்குப் பதினைந்தாம் நாள் போய்க் குனிந்து பாருங்கள். தடித்த இரண்டு வித்திலை, நடுவே புளிய இலைபோல ஒரு சின்னஞ்சிறு இலை, வரிசையாக நிற்கும். ஒரு விரல் உயரத்தில் பிடுங்கினால் வந்துவிடும். ஒரு மாசம் விட்டால் வேர் கீழே போய், மேலே பிடுங்கினால் ஒடிந்து, அடியில் மறுபடி துளிர்க்கும். பார்த்தீனிய விதையும் எருவோடு வரும். கோரைக்கிழங்கு குப்பைமேட்டு மண்ணோடு வரும். குவியல் நன்றாகச் சூடேறினால் இவற்றில் பெரும்பாலானவை வெந்துவிடும்.

இங்கே ஒரு கேள்வி வரும். காலங்காலமாக வயலில் கிடை போடுகிறார்களே, கீதாரிகள் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து ஆட்டை ஓட்டிவந்து ராத்திரி முழுக்க நிலத்தில் அடைக்கிறார்களே, அது மக்காத புழுக்கையும் மூத்திரமும்தானே என்று. உண்மைதான். ஆனால் கிடை போடுவது அறுப்பு முடிந்த வெறும் தரையில். ஆட்டை ஒரே இடத்தில் நிறுத்தாமல் பட்டியை மாற்றி மாற்றிப் போடுவதால் எரு மெல்லிசாகப் பரவுகிறது. கோடை வெயிலில் காய்ந்து, உழவில் புரண்டு, மழை வாங்கி, அதற்குப் பிறகுதான் விதை விழுகிறது. செடி இல்லாத மண்ணில் மாதக்கணக்கில் மக்குகிறது. உங்கள் பாத்தியில் செடி நிற்கிறது, அதற்கு ஒதுங்கிப் போக வழியில்லை.

குதிரை லத்தி கிடைத்தால் விடாதீர்கள். சீக்கிரம் சூடேறும், கோழி எருவோடு கலந்து மக்கவைக்க நல்ல துணை. அதில் புல்விதை அதிகம். சாண எரிவாயுக் கலனிலிருந்து வருகிற கழிவு மண்ணுக்கு நல்லது. நிழலில் உலர்த்தி, மற்ற எருவோடு சேர்த்து மக்கவைத்தே போடுங்கள். கலனுக்குள் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். நாய், பூனை, பன்றிக் கழிவு மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம். நாயின் குடற்புழு முட்டை மண்ணில் வருசக்கணக்கில் உயிரோடு கிடந்து குழந்தைகள் வயிற்றுக்குப் போகும். பூனைக் கழிவில் இருக்கும் ஒரு வகை ஒட்டுண்ணி வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. புது மண் கொத்திப் போட்டதும் தெருப் பூனை அதைக் கழிப்பிடமாக ஆக்கிக்கொள்ளும். பாத்தியின் மேல் எலுமிச்சை முள்குச்சியோ கருவேல மிலாறோ பரப்பி வைத்தால் அண்டாது.

இனி மக்கவைக்கும் முறை. தார்ப்பாயில் எடுத்து வைத்திருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்கலாம். வேண்டியது காய்ந்த சருகு. வேம்பு, புங்கை, மா, தெருவில் கூட்டிக் குவிப்பது எதுவானாலும் சரி. ஒரு கூடை கோழி எருவுக்கு மூன்று முதல் நான்கு கூடை சருகு. பிராய்லர் பண்ணை எருவென்றால் அதில் ஏற்கெனவே உமியோ நார்க்கழிவோ கலந்திருக்கும், இரண்டு மூன்று கூடை போதும். முட்டைக்கோழி கூண்டுக்கு அடியில் அள்ளியதென்றால் வெறும் எச்சம், சருகு நாலு கூடைக்குக் குறையக் கூடாது. சருகு எதற்கென்றால், கோழி எருவில் தழைச்சத்து மிஞ்சிக் கிடக்கிறது, நுண்ணுயிர் தின்ன கரிச்சத்து (கார்பன்) போதவில்லை. கரிச்சத்து தழைச்சத்தைப்போல 25, 30 மடங்கு இருந்தால் குவியல் நாற்றமில்லாமல் வேலை செய்யும். நாற்றம் என்பதே உங்கள் தழைச்சத்து காற்றில் போகிறது என்பதற்கு அடையாளம். சருகு போதுமான அளவு சேர்ந்தால் ஈயும் குறையும், பக்கத்து வீட்டுச் சங்கடமும் குறையும்.

ஒரு அடுக்கு சருகு, ஒரு அடுக்கு எரு, இடையில் ஒரு கை பழைய குப்பைமண் என்று அடுக்கி, மேலே முழுக்கச் சருகால் மூடுங்கள். நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு மீட்டர் வந்தால்தான் உள்ளே சூடு நிற்கும். சின்னக் குவியல் சூடேறாது. ஈரம் எவ்வளவு என்றால், ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு. சித்திரை வெயிலில் வாரம் ஒருமுறை தெளிக்க வேண்டியிருக்கும். இப்போது ஆவணி, ஐப்பசி மழை முன்னால் நிற்கிறது. தென்னங்கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடி, சுற்றி ஒரு சின்ன வரப்பு கட்டிவிடுங்கள். மழையில் கரைந்து ஓடுகிற எருத்தண்ணீர் தெருவாய்க்கால் வழியாகக் கண்மாய்க்குத்தான் போகும். கண்மாய் பச்சைப் பாசி பிடித்து ஆகாயத்தாமரை மண்டுவதற்கு இப்படி ஓடுகிற சத்தும் ஒரு காரணம். கிணறு, போர், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் குவியல் கூடவே கூடாது. வீட்டு மனையில் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, தண்ணீர் வழியும் திசைக்குக் கீழ்ப்புறமாக வையுங்கள்.

சூடு ஏறியதா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் வேண்டாம். ஒரு கடப்பாரையைக் குவியலின் நடுவில் குத்தி பத்து நிமிடம் விட்டு உருவி, முனையைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாமல் எடுத்துவிடுகிறீர்கள் என்றால் 55 டிகிரிக்கு மேல் இருக்கிறது. வெதுவெதுப்பு மட்டும் என்றால் ஈரமோ எருவோ காற்றோ ஏதோ ஒன்று குறைவு. நான் நாலாம் நாள் விடிகாலையில் மம்பட்டியால் புரட்டுவேன். மார்கழிக் குளிரில் திறந்தவுடன் புகைபோல ஆவி கிளம்பும். உள்ளே சாம்பல் பூத்தாற்போல வெள்ளையாக ஒரு படலம் இருக்கும். அதைக் கண்டு பூஞ்சை பிடித்துவிட்டது என்று பயப்படாதீர்கள், சூட்டில் வேலை செய்கிற நுண்ணுயிர் அது. வெளியே கிடந்ததை உள்ளேயும் உள்ளே கிடந்ததை வெளியேயும் போட வேண்டும். இதுதான் முக்கியம், ஏனென்றால் நடுவில் கிருமி சாகும், ஓரத்தில் சாகாது. அமெரிக்க இயற்கை வேளாண் விதியில் திறந்த குவியலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அந்தப் பதினைந்து நாளுக்குள் 5 புரட்டல். நமக்கும் அது நல்ல அளவுகோல். அதற்குப் பிறகு சூடு தணிந்து ஆற வேண்டும். மொத்தம் நாலு மாசம். வீட்டில் சூடு சரியாக ஏறவில்லையென்றால் காலத்தை நீட்டுங்கள், ஆறு மாசம், எட்டு மாசம்.

தயாரான எருவில் எருவின் உருவம் இருக்காது, புழுக்கையை நசுக்கினால் தூளாகும். கறுப்பும் காப்பிப் பொடியும் கலந்த நிறம், முதல் மழை விழுந்த மண்வாசம். நனைத்தாலும் மறுபடி சூடாகாது. சந்தேகமிருந்தால் ஒரு பிடி ஈர எருவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டி மூன்று நாள் நிழலில் வையுங்கள். திறந்ததும் மூக்கைத் துளைத்தால் இன்னும் ஆகவில்லை. அதற்கும் மேலே உறுதி வேண்டுமென்றால், பாதி மண் பாதி எரு கலந்து ஒரு சின்னத் தொட்டியில் பத்துப் பச்சைப்பயறு ஊன்றிப் பாருங்கள். பக்கத்தில் வெறும் மண்ணில் பத்து. இரண்டும் ஒரே மாதிரி முளைத்து, இலை பச்சையாக வந்தால் செடிக்குப் போடலாம். நான் வெளியில் வாங்குகிற எரு ஒவ்வொன்றையும் இப்படித்தான் சோதிக்கிறேன். கடையில் விற்கிற மூடையில் “மக்கிய உரம்” என்று எழுதியிருப்பதை நம்பி இறங்காதீர்கள். கையை உள்ளே விட்டால் சுடுகிற மூடைகளையும், பாதிக்கு மேல் செம்மண் கலந்த மூடைகளையும் நானே பார்த்திருக்கிறேன்.

குவியலைப் புரட்டும்போது வெள்ளையாகத் தடித்த புழுக்கள், ஆங்கில எழுத்து ‘சி’ போலச் சுருண்டு கிடக்கும். கட்டைவிரல் மொத்தத்துக்கு இருந்தால் அது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. உங்கள் செடியை ஒன்றும் செய்யாது, ஆனால் வண்டாகிப் பறந்து பக்கத்துத் தென்னையின் குருத்தைக் குடையும். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். அதைவிடச் சிறியவற்றைச் சமதரையில் விட்டுப் பாருங்கள். மல்லாந்து முதுகால் ஊர்ந்து போனால் அது மக்கியதைத் தின்னும் புழு, விட்டுவிடலாம். பக்கவாட்டில் சுருண்டு கிடந்து நெளிந்தால் வேரைத் தின்னும் வேர்ப்புழுவாக இருக்கலாம், எடுத்துவிடுங்கள். எருக்குழியில் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தைக் கரைத்து ஊற்றினால் வண்டுப் புழுக்கள் நோய் கண்டு சாகும், வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

பாப்பா இருக்கிறாள் என்றீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சாணி தெளித்த வாசலில் கோலம் போட்டு வளர்ந்தவள்தான் நானும். சாணியைக் கையால் தொடுவது நமக்கு அருவருப்பு இல்லை, அது நல்ல பழக்கம்கூட. ஆனால் மாட்டின் குடலில் ஈ. கோலை இருக்கிறது. அதில் சில வகைகள் குழந்தைக்கு ரத்தபேதியை உண்டாக்கி, சிறுநீரகம் வரை போகும். கோழி எச்சத்தில் சால்மோனெல்லா உண்டு. இவை இரண்டும் நன்கு சூடேறிய குவியலில் செத்துவிடும். சாகாதது ஒன்று இருக்கிறது: ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமியின் வித்து. மாட்டு, குதிரைச் சாணத்திலும் தோட்ட மண்ணிலும் வருசக்கணக்கில் கிடக்கும், மக்கவைக்கும் சூட்டுக்கெல்லாம் அசையாது. பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணமோ சாம்பலோ வைக்கிற வழக்கம் இருந்த காலத்தில் எத்தனை பிள்ளைகள் ஏழாம் நாள், எட்டாம் நாள் விறைத்துப் போயின. தாய்மார்களுக்குத் தடுப்பூசி போட்டு, சுத்தமான பிரசவம் வந்த பிறகுதான் இந்தியாவில் அந்தச் சாவு பெருமளவு ஓய்ந்தது. 2015-இல்தான் உலக சுகாதார நிறுவனம் அதை உறுதிப்படுத்தியது. பெரியவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் இருக்கிறது. ரோஜா முள் குத்திய விரலோடு எருவை அள்ளுகிறோம், வேறென்ன வேண்டும். அதற்கான டி.டி. ஊசி பத்து வருசத்துக்கு ஒருமுறை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவார்கள். என் தோட்டத்தில் பூ எடுக்க வருகிற பெண்கள் ஒவ்வொருவரிடமும் கடைசியாக எப்போது போட்டாய் என்று கேட்டுத்தான் வேலைக்கு விடுவேன்.

வேலை செய்யும்போது ரப்பர் கையுறை, காலில் மூடிய செருப்பு. காய்ந்த கோழி எருவைக் கிளறுமுன் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள், மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவுங்கள். அந்தச் செருப்பு வாசற்படிக்கு வெளியே நிற்கட்டும். பாப்பா மண்ணில் விளையாடட்டும், தடுக்காதீர்கள், ஆனால் எரு மக்குகிற குவியல் பக்கம் வேண்டாம், எருப் போட்ட பாத்தியில் முதல் இரண்டு வாரம் வேண்டாம். எருவை மண்ணோடு கலந்து மேலே ஒரு விரற்கடை சருகு மூடிவிட்டால் கைக்கு எட்டாது. சாணிக்கரைசல் ஊறவைக்கிற டிரம் இருந்தால் வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள். கொசு உற்பத்தியாகும் என்பது ஒன்று, எட்டிப் பார்க்கிற குழந்தை தலைகீழாக விழுந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய பயம்.

பூச்செடிதானே, தின்னப் போகிறோமா என்று சிலர் சொல்வார்கள். செம்பருத்தி இதழைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம், ரோஜா இதழில் குல்கந்து செய்கிறோம். பூவைத் தலையில் வைக்கிறோம், சாமிக்குப் போடுகிறோம், தொடுக்கும்போது நாரை வாயில் கடித்து இழுக்கிற பழக்கம் யாருக்கு இல்லை? அதனால் சாணிக்கரைசலை இலை மேலோ மொட்டின் மேலோ தெளிக்கக் கூடாது. தூரில் ஊற்றி, மேலே நல்ல தண்ணீர் விட வேண்டும். பூப்பாத்தி ஓரத்தில் புதினாவும் கொத்தமல்லியும் ஊன்றுகிற பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். மக்காத எரு விழுந்த மண்ணில், மண்ணைத் தொட்டு வளர்கிற கீரையை 120 நாளுக்குப் பறித்துத் தின்னக் கூடாது, மண்ணைத் தொடாத காய் என்றால் 90 நாள். உங்கள் பாத்தியில் இப்போது அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, தை வரை கீரை எதுவும் வேண்டாம்.

அளவு. செண்டுப்பூவுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எக்டேருக்கு 25 டன் தொழு உரம் சொல்கிறது. அதை வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. உங்கள் பாத்திக்கு 9, 10 கிலோ மக்கிய மாட்டெரு, அவ்வளவுதான். மல்லிகைக்குத் தூருக்கு 10 கிலோ. பெரிய ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் அடியுரமாக நாலைந்து கிலோ தாராளம். மக்கிய கோழி எருவும் ஆட்டெருவும் இதில் ஐந்தில் ஒரு பங்கு. தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகப் போட்டு, நாலு விரற்கடை ஆழத்துக்கு மண்ணோடு கொத்திக் கலந்து, உடனே தண்ணீர் விட வேண்டும். தொட்டியென்றால் நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு எரு, அதற்கு மேல் வேண்டாம். ரோஜாவும் மல்லிகையும் எருவை வாங்கிப் பூவாகத் திருப்பித் தரும். காகிதப்பூவுக்கும் நித்தியகல்யாணிக்கும் போட்டால் இலைதான் மதமதவென்று வரும், பூ வராது. அவற்றை அவற்றின் போக்கில் விடுங்கள்.

கோழி எரு மலிவு என்று வருசா வருசம் அதையே போடுகிறவர்களுக்கு ஒன்று. அதில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிக அதிகம். செடி எடுத்தது போக மிச்சம் மண்ணிலேயே சேர்ந்துகொண்டு போகும். மணிச்சத்து மிஞ்சினால் இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்காது. நம் பக்கம் சுண்ணாம்பு கலந்த மண்ணில் அது ஏற்கெனவே குறைவு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். சத்துப் போதவில்லை என்று நினைத்து மறுபடி கோழி எருவே போடுவார்கள், இன்னும் மஞ்சளாகும். அதற்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளித்து, கோழி எருவை இரண்டு வருசம் நிறுத்த வேண்டும். என் தோட்டத்தில் இப்போது மூன்று வருசத்துக்கு ஒருமுறைதான் மக்கிய கோழி எரு, மற்ற வருசம் மாட்டெரு. மக்கிய எருவில் கிலோவுக்கு 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சாணம் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் பத்து நாள் வைத்துப் போட்டால் வேரழுகல் நோய் அடங்குகிறது, மல்லிகையில் நான் கண்ட பலன் இது.

உங்கள் பாத்திக்கு வருகிறேன். ஆவணியில் குவியல் போட்டால் மார்கழிக் கடைசியில் எரு ஆகிவிடும். அதுவரை செடிக்கு எதுவும் வேண்டாம், தண்ணீரும் சருகு மூடாக்கும் போதும். கார்த்திகையில் மழை ஓய்ந்ததும் செம்பருத்தியில் பட்டுப்போன நுனிகளைப் பச்சை தெரிகிற கணு வரை வெட்டுங்கள். அந்த இடத்தில் புதுத்துளிர் நாலு இலை விரித்த பிறகு, தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி, செடிக்கு இரண்டு கைப்பிடி மட்டும் போடுங்கள். பதினைந்து நாள் பாருங்கள். இலை ஓரம் தெளிவாக இருந்தால் இன்னும் இரண்டு கைப்பிடி. செண்டுப்பூ நாற்றைத் தையில் புதிதாக நடலாம். குவியலுக்கு இடம் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம், உங்கள் பின்பக்கச் சுவர் ஓரம் பாருங்கள். புரட்டுகிற அன்றைக்கு முந்தின நாளே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், துணி காயப்போட மாட்டார்கள்.